பதினான்கு முளைக்குச்சிகள்

என் தாய்மாமா பனிமலையில் ஒருநாள்கூடச் சறுக்கியதில்லை. ஆனால் அந்த மலையில் யார் எந்தப் பக்கம் சறுக்க வேண்டும் என்று ஒரு குளிர்காலம் முழுக்க வழி சொல்லியிருக்கிறார். ஈப்போவில் ஹோட்டல் படிப்புப் படித்தவரைப் பயிற்சிக்கென்று சுவிட்சர்லாந்துக்கு அனுப்பினார்கள். மலையடிவாரத்து ஹோட்டல் ஒன்றில் பெட்டி தூக்கினார், கோப்பை மங்கு கழுவினார், காலையில் சறுக்குக் காலணியோடு வந்து நிற்கும் விருந்தாளிகளுக்கு வரைபடத்தில் விரல் வைத்துப் பாதை காட்டினார். திரும்பி வந்தபோது பெட்டியில் எங்களுக்குச் சாக்லெட் இருந்தது. அதற்கடியில் அந்த வரைபடமும் இருந்தது. சாக்லெட் அன்றைக்கே தீர்ந்துவிட்டது.

அப்போது எனக்குப் பத்து வயது, தம்பிக்கு எட்டு. லகாட், பத்து காஜா என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே, தோட்டம் என்ற பெயர் மட்டும் மிஞ்சியிருந்த ஒரு தோட்டத்தில், பழைய லயத்து வரிசை வீடு ஒன்றில் இருந்தோம். ரப்பர் பால்மரங்களையெல்லாம் வெட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். லயத்துக்குப் பின்னாலிருந்த குன்று மொட்டையாகி, ஆளுயரத்துக்கு லாலாங் புல் மண்டிக் கிடந்தது.

மாமா வரைபடத்தைத் தரையில் விரித்தார். நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் குப்புறப் படுத்துக்கொண்டோம். நீலக் கோடு போட்ட பாதை பழகாதவர்களுக்காம். சிவப்பு, கொஞ்சம் தேறியவர்களுக்கு. கறுப்பு, எதற்கும் துணிந்தவர்களுக்கு. பாதையோரம் கம்பம் நட்டு எண் போட்டிருப்பார்கள்; எண் குறையக் குறைய அடிவாரம் கிட்டே வருகிறது என்று அர்த்தம். மூடுபனி இறங்கிவிட்டால் மேல் எது கீழ் எது என்றே தெரியாதாம். அவசரப்பட்டு இறங்கியவர்கள் மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் போய் நின்றுகொண்டு ஹோட்டலுக்குப் போன் போடுவார்களாம்.

"அடுத்த கம்பம் கண்ணுல படுற வரைக்கும் நிக்கிற கம்பத்த விட்டு நகரக் கூடாதுலா," என்றார் மாமா. "அவ்ளோதான் வழி. இது தெரிஞ்சா மலை ஒன்னும் பண்ணாது."

வழி தெரிந்தாயிற்று. மலையும் இருந்தது. உட்கார்ந்து சறுக்கப் பாக்கு மட்டைக்குப் பஞ்சமில்லை. கம்பத்துக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே குன்றின்மேல் அலைந்தபோதுதான் புல்லுக்குள் முளைக்குச்சிகள் தட்டுப்பட்டன. முழ உயரம், தலையில் சிவப்புச் சாயம், நூல் பிடித்தாற்போல ஒரே வரிசை. எண்ணிப் பார்த்தோம், பதினான்கு.

அவை எதற்கென்று தெரியாது என்று சொன்னால் அது பச்சைப் பொய். தோட்டத்தை வாங்கிய கம்பெனி, லயத்துக் குடும்பங்களுக்கு ஆளுக்கொரு மனை தருவதாகச் சொல்லி, நிலத்தை அளந்து குச்சி அடித்துக் குலுக்கலும் நடத்தியிருந்தது. அம்மாவுக்கு விழுந்தது சாலையோரத்து மூலை மனை. அப்பா இறந்தபிறகு ஜெலாப்பாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் நின்று நின்று கால் வீங்கிப்போனவள் அம்மா. குலுக்கலில் அப்படி ஒன்று தனக்கு விழும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. தொழிற்சாலை பஸ்ஸை விட்டு இறங்கினால் வீட்டுக்குக்கூட வராமல், சீருடையோடு நேராகப் போய் அந்த மனையின் நான்கு குச்சிகளுக்கு நடுவே நிற்பாள். அடுப்பு இங்கே, சன்னல் அங்கே என்று விரலால் காற்றில் கோடு போடுவாள். ஒருநாள் என்னை ஒரு மூலையில் நிறுத்தி, இதுதான் உன் அறை என்றாள்.

ஆகவே சாலையோரத்துக் குச்சிகளை நான் தொடவில்லை. அந்த அளவுக்கு மூளை இருந்தது. ஒவ்வொரு மனையிலும் ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தாள். குன்றின்மேல் இருந்த குச்சிகளுக்குப் பக்கத்தில் யாருமே வந்து நிற்கவில்லை. அதனால் அவை யாருக்கும் சொந்தமில்லை என்று முடிவு கட்டினேன்.

பதினான்கையும் பிடுங்கினோம். கரியால் எண் எழுதி, வளைத்து வளைத்து மூன்று பாதை அமைத்தோம். மாமாவும் வந்து பார்த்தார். ஊருக்கு வந்து நாலு நாள் ஆனவருக்கு மனை அளந்த கதையெல்லாம் தெரியாது. சிவப்புப் பாதையில் ஒரு கம்பம் தள்ளிப்போயிருக்கிறது என்று திருத்தம் வேறு சொன்னார். மூன்று நாள் சறுக்கினோம். அந்த மூன்று நாளைப்போல் அதற்குப் பிறகு நான் சந்தோஷமாக இருந்தேனா என்று சந்தேகம்தான். மண் சரிந்து செங்குத்தாக நின்ற பக்கத்தைக் கறுப்புப் பாதை என்று வைத்திருந்தோம். அதில் குச்சி நட்டதோடு சரி, இறங்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

சனிக்கிழமை கம்பெனிக் கணக்குப்பிள்ளையான கிராணி அளவைக்காரர்களோடு வந்தார். பட்டா எழுதுமுன் கடைசியாக ஒருமுறை சரிபார்க்க வேண்டுமாம். மனைகளையெல்லாம் குன்றின்மேல் இருந்த அந்த வரிசையிலிருந்துதான் அளந்திருக்கிறார்கள். கயிறு பிடித்துக்கொண்டு ஏறியவர்கள் எங்கள் எண்களின்படியே இடமும் வலமுமாகக் குன்று முழுக்கச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள். இது யார் பார்த்த வேலை என்று கிராணி கேட்டார். லயமே கூடி நின்றது. நான் மாமாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"நாந்தான் சார் பிடுங்குனேன்," என்றார் மாமா. "பிள்ளைங்கள ஒன்னும் கேக்காதீங்க."

கிராணி கோபப்படவில்லை. பழைய அளவு செல்லாது, முதலிலிருந்து அளக்க வேண்டும், மனைகள் இடம் மாறும், அடுத்த மாதம் மறுபடி குலுக்கல் என்று நிதானமாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். முதல் குலுக்கலில் லோங்காங், அதாவது சாக்கடை, ஓரத்து மனை விழுந்திருந்த பக்கத்து வீட்டு அக்கா, அன்று மத்தியானமே எங்களுக்குப் பாயாசம் கொடுத்தனுப்பினார். அம்மா அதை வாங்கி எங்கள் மூவருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். மாமா குடிக்கவில்லை. அடுத்த மாதம் அதே லோங்காங் ஓரத்து மனை எங்களுக்கு விழுந்தது. இன்றும் அம்மா அங்கேதான் இருக்கிறாள். மழை பெய்தால் சமையலறைக்குள் தண்ணீர் வந்துவிடும்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அடி விழும் என்று காத்திருந்தேன். அம்மா திட்டக்கூட இல்லை. குச்சிகளைக் கீழே கொண்டுவந்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், வா என்று என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு குன்றில் ஏறினாள். ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கையில் சேர்த்தாள்.

"பாப்பா, எது எது எங்க இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

இல்லை என்று தலையாட்டினேன். அம்மா சரி என்றாள். பதினான்கையும் மார்போடு அணைத்துக்கொண்டு, எங்களை உச்சியிலேயே விட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள். கால் போன பக்கம் அந்தச் செங்குத்துச் சரிவு. முதல் அடியிலேயே வழுக்கி, உட்கார்ந்தபடியே அடிவாரம்வரை சறுக்கிக்கொண்டு போனாள். குச்சிகள் நாலாபுறமும் சிதறின. கீழே, புல்லுக்குள், முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

தம்பி விசிலடித்தான். எங்கள் மலையில் கறுப்புப் பாதையை முதலில் முடித்தது அம்மாதான். விழுந்ததை நினைத்துச் சிரிக்கிறாள் என்றே நம்பி, அவளுக்குக் கேட்க வேண்டுமென்று நான் கை சிவக்கச் சிவக்கத் தட்டினேன்.