ஒரு மூடித் தண்ணீர்

1. மேஜை மேல் மல்லிகா

மல்லிகாவின் வயிற்றைத் தொட்டதும் என் கை தானாகப் பின்னால் வந்தது. அவ்வளவு இறுகிப்போயிருந்தது. காலையிலிருந்து மூன்று முறை வாந்தி. வெளிக்குப் போய் ஆறு நாள் ஆகியிருந்தது.

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியின் மெடிக்கல் ரூமில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள் நான். கம்பெனி வேலைக்குப் புதிதாகப் போகிற நர்ஸ் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். மெஷின் ஊசி விரலைத் துளைத்து மறுபக்கம் வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஷூ ஒட்டுகிற சொல்யூஷன் வாடையில் மயங்கி விழுந்தவர்களைத் தூக்கியிருக்கிறேன். அதற்கெல்லாம் நான் நடுங்கியதில்லை. அன்று நடுங்கினேன். மல்லிகாவுக்கு மருந்து கொடுத்தவள் நான்தான்.

2. நான் செய்த உபதேசம்

ஸ்டிச்சிங் லைன் பெண்கள் எப்போதும் ஒரே புகாரோடு வருவார்கள். மலச்சிக்கல், மூலம், தலைவலி, வயிற்று உப்புசம். எனக்குக் கோபம்தான் வரும். கேன்டீனில் நல்ல கீரைக்கூட்டு போடுவார்கள். பாதி அப்படியே எச்சில் பக்கெட்டுக்குப் போகும். ஒருநாள் பக்கெட் பக்கத்திலேயே நின்று கத்தினேன்.

"கீரை இன்னா பாவம் பண்ணுச்சு உங்களுக்கு? ஊறுகாயும் சோறும் தின்னா வயிறு எப்பிடி நல்லாருக்கும்?"

"புடிக்கல சிஸ்டர்."

"அப்போ கொய்யாப்பழம்?"

"அதுவும் ஒத்துக்காது சிஸ்டர்" என்றாள் ஒருத்தி. பக்கத்தில் இருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். திமிர் என்று நினைத்தேன். மெடிக்கல் ரிஜிஸ்டரில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'தவறான உணவுப் பழக்கம்' என்று எழுதினேன். பதினைந்து வருடமாக அதையேதான் எழுதிக்கொண்டிருந்தேன்.

மல்லிகா ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். மூன்றாவது லைனில் ஷூவின் மேல்பாகம் தைப்பாள். இருட்டோடு எழுந்து சமைத்துவிட்டு பஸ் ஏறவேண்டும். மலத்தோடு ரத்தம் போகிறது என்று வந்து நின்றாள். மலம் இளக்குகிற இசப்கோல் தூள் பாக்கெட் கொடுத்தேன். "மத்தியானம் சாப்ட்டதும் ரெண்டு ஸ்பூன் போடு. டெய்லி ரெண்டு கொய்யா தின்னு. மத்தவளுங்க மாதிரி ஏமாத்தாத" என்று மிரட்டி அனுப்பினேன்.

அவள் ஏமாற்றவில்லை. ஒரு வேளை விடாமல் சாப்பிட்டாள்.

3. டாக்டர் கேட்டது

வேன் வைத்து வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். எக்ஸ்ரே பார்த்த டாக்டர் பெண்ணுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. குடலில் அடைப்பு, கொய்யா விதையும் இசப்கோலும் சேர்ந்து கட்டியாகிவிட்டது என்றார்.

"இசப்கோலுக்கு எவ்வளவு தண்ணி குடிச்சீங்கம்மா?"

"ஒரு மூடி."

"ஒரு பாட்டிலா?"

"இல்ல டாக்டர். பாட்டில் மூடி."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இசப்கோல் தண்ணீரை இழுத்து ஊதுகிற பொருள். ஒரு டம்ளர் தண்ணீரோடு போனால் மலத்தை இளக்கும். தண்ணீர் இல்லாமல் போனால் அதுவே அடைக்கும். இதைப் படித்துத்தான் பாஸ் செய்தேன். ஆனால் தண்ணீர் அளவை நான் அவளிடம் சொல்லவே இல்லை.

"ஏன்டி அப்பிடி பண்ண?"

"ஜாஸ்தி குடிச்சா எழுந்து போணும் சிஸ்டர். டோக்கன் கெடைக்காது."

"இன்னா டோக்கன்?"

அந்த வலியிலும் அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "இன்னா சிஸ்டர், தெரியாத மாதிரி கேக்கறீங்க?"

"சரி, வீட்டுல குடிக்கலாமில்ல?"

"நைட்டு குடிச்சா காலைல பஸ்ல பேஜார். ஒன்னரை மணி நேரம் அடக்கணும்."

இரண்டு நாள் பார்ப்போம், இளகாவிட்டால் ஆபரேஷன், குடல் கிழிந்தால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். தகவல் கேட்டு ஓடிவந்த மல்லிகாவின் புருஷன் என்னைத் தாண்டி நேராக அவளிடம் போனார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

4. ஆணியில் தொங்கியது

மறுநாள் மூன்றாவது லைனுக்குப் போனேன். சூப்பர்வைசர் மேஜைக்கு மேலே ஆணியில் ஒரு தோல் துண்டு தொங்கியது. ஓட்டை போட்டு, லைன் நம்பர் எழுதியிருந்தது. அதுதான் டோக்கன். நாற்பது பெண்களுக்கு அது ஒன்றுதான். அதை எடுத்துக்கொண்டுதான் கழிப்பறைக்குப் போகவேண்டும். ஒருத்தி திரும்பி வந்து மாட்டினால்தான் அடுத்தவள் எழலாம். இரண்டாம் முறை கேட்டால் சூப்பர்வைசர், "இன்னாம்மா, பொறந்த வீடா அது? அடிக்கடி போற" என்பாள். லைனே சிரிக்கும். யார் அப்புறம் கேட்பார்கள்?

அதனால்தான் கீரை பக்கெட்டுக்குப் போனது. அவர்களுக்குக் கீரை பிடிக்கும். கொய்யாவும் பிடிக்கும். அதைச் சாப்பிட்டால் எழ வேண்டும் என்றுதான் பயம்.

மெடிக்கல் ரூமுக்குள்ளேயே எனக்குத் தனிக் கழிப்பறை இருந்தது. அதனால் பதினைந்து வருடமாக அந்த ஆணி என் கண்ணில் படவில்லை.

5. மேனேஜர் மேஜை

புரொடக்‌ஷன் மேனேஜர் ரூமுக்குப் போய் ஒரு டம்ளரில் இரண்டு ஸ்பூன் இசப்கோல் போட்டேன். ஒரு மூடித் தண்ணீர் ஊற்றிக் கிளறினேன்.

"இன்னா சிஸ்டர், பாயசமா?"

"டீ குடிங்க சார். அதுக்குள்ள ஊறிடும்."

அவர் டீயை முடித்ததும் டம்ளரைக் கவிழ்த்தேன். விழவில்லை. பசை மாதிரி அடியில் பிடித்திருந்தது.

"மல்லிகா வயித்துல இதான் சார் இருக்குது."

"குடுத்தது நீங்கதானே?"

"நான்தான். ரிஜிஸ்டர்ல அதையும் எழுதிட்டேன். கழிப்பறைக்கு விடாததால தண்ணி குடிக்கலன்னும் எழுதிட்டேன்."

அவர் முகம் மாறியது. எங்கள் ஷூவை வாங்குகிற வெளிநாட்டு பையர் ஆடிட் வந்தால் முதலில் பார்ப்பது அந்த ரிஜிஸ்டரைத்தான்.

"அத மாத்துங்க. ஆளாளுக்கு எழுந்து போனா டார்கெட் யாரு குடுப்பா? நீங்க வந்து தைப்பீங்களா?"

"மாத்த மாட்டேன். வேணும்னா நீங்க அடிச்சிட்டு கையெழுத்து போடுங்க."

அவர் பேனாவை எடுக்கவில்லை. அந்த வாரமே மூன்றாவது லைனில் ஆணி பிடுங்கப்பட்டது. யாராவது எழுந்தால் அந்த மெஷினில் உட்கார ஒரு மாற்று ஆளும் போட்டார்கள். மற்ற லைன்களில் ஆணி இருந்தது. ஒவ்வொன்றாகச் சண்டை போட வேண்டியிருந்தது. கடைசி ஆணி போகும்முன் நான் ரிட்டயர் ஆகிவிட்டேன்.

மல்லிகாவுக்கு இரண்டாம் நாள் ராத்திரி இளகியது. கத்தி படவில்லை. வேலைக்குத் திரும்பிய அன்று கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். முருங்கைக்கீரையை வழித்துச் சாப்பிட்டாள். பாட்டில் தண்ணீரை முழுசாகக் குடித்தாள்.

"போதுமா சிஸ்டர்? இல்ல, இன்னும் எதாச்சும் மருந்து வெச்சிருக்கீங்களா?" என்றாள். லைன் முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நார்ச்சத்து சாப்பிடு என்று யாரிடமும் சொல்லும் முன்பு, எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாய் என்று கேளுங்கள். குறைவு என்றால் ஏன் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்காதீர்கள். அவள் மெஷினிலிருந்து கழிப்பறைக் கதவுவரை ஒருமுறை நடந்து பாருங்கள். எண்பது அடிகூட இருக்காது. நான் அதை நடக்கப் பதினைந்து வருடம் ஆனது.