பாறைக்குப் பெயர் சொன்ன ஞாயிற்றுக்கிழமை

கல்லுக்கெல்லாம் தனித்தனியாகப் பெயர் உண்டு என்பதை நான் தெரிந்துகொண்டது எங்கள் அக்கா கல்லூரியில் சேர்ந்த வருஷம். அதுவரை எனக்குத் தெரிந்தது அம்மா மாவரைக்கிற கல், துணி துவைக்கிற கல், பாண்டி ஆடுகிற கல், தெருநாயைக் கண்டால் கையில் எடுத்துக்கொள்கிற கல், அவ்வளவுதான். எனக்குப் பத்து வயது.

எங்கள் வீடு பெங்களூர் அல்சூரில், ஏரிக்குப் போகிற வழியில் இருந்தது. அப்பாவுக்குத் தண்டு என்று நாங்கள் சொல்கிற கன்டோன்மென்ட் ரயில் நிலையத்துப் பார்சல் ஆபீசில் வேலை. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்துத் தேறிய அக்காவை மேலே படிக்கவைப்பது என்று அவர் முடிவு செய்தபோது, எங்கள் தெருவில் அதுவரை எந்தப் பெண்ணும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. போதாததற்கு அக்கா கேட்ட பாடம் ஜியாலஜி. பள்ளிக்கூடத்துப் பூகோளப் புத்தகத்தில் எரிமலையைப் பற்றி வந்த இரண்டு பக்கங்கள்தான் அவளுக்கு அந்த ஆசையை மூட்டியிருந்தன. அந்தப் பக்கங்களைத் திரும்பத் திரும்பப் படித்துத் தாளின் ஓரமே நைந்துபோயிருந்தது.

அம்மாவுக்குத்தான் அது பிடிபடவில்லை. "கல்லுல இன்னாடி இருக்குது படிக்கிறதுக்கு? தினம் அரிசில பொறுக்கறோமே, அது போதாதா?" என்றாள்.

அப்பா சிரித்துக்கொண்டார். பார்சல் ஆபீசில் மூட்டை தூக்குகிறவர்கள் முதல் ஸ்டேஷன் மாஸ்டர் வரை எல்லாரிடமும், "பெரியவ ஜியாலஜி படிக்கிறா" என்று சொல்லிவைத்திருந்தார். அது என்ன படிப்பு என்று கேட்டவர்களிடம் அவர் என்ன சொல்லிச் சமாளித்தார் என்று தெரியாது.

அக்கா காலையில் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போவாள். சாயங்காலம் வந்து முகம் கழுவியதும், வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டு அந்தத் தடித்த ஆங்கிலப் புத்தகத்தை வாய்விட்டுப் படிப்பாள். நான் என் வீட்டுப்பாடத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். அர்த்தம் புரியாவிட்டாலும் அந்தச் சொற்கள் எனக்குப் பிடித்திருந்தன. எல்லாவற்றிலும் மேலாகப் பிடித்தது ஒரு பாறையின் பெயர். க்னெய்ஸ். கொட்டைப்பாக்கைக் கடவாய்ப் பல்லில் வைத்துக் கடிப்பதுபோல ஆரம்பித்து, எண்ணெயில் தண்ணீர் தெளித்ததுபோல முடியும்.

அது என்ன என்று கேட்டேன். அக்கா உட்கார்ந்து சொன்னாள். ஏற்கெனவே இருந்த ஒரு பாறை பூமிக்கு அடியில் போய், அங்கே உள்ள சூட்டில் வெந்து, மேலே இருக்கிற பாரத்தில் நசுங்கி, வேறு பாறையாக மாறிவிடுகிறதாம். அப்படி நசுங்கியதற்கு அடையாளமாகத்தான் அதன் மேல் கறுப்பும் வெளுப்புமாக வரிகள் ஓடுமாம். "லால்பாக்ல கோபுரம் கட்டியிருக்குதே ஒரு பெரிய பாறை, அது இதுதான் பாப்பா. உலகத்துலேயே ரொம்பப் பழசான பாறைங்கள்ல அதுவும் ஒண்ணு" என்றாள். லால்பாக் பாறையில் நான் சறுக்கி விளையாடி முழங்காலைத் தேய்த்துக்கொண்டவள். இப்படிப்பட்ட ஒன்றின் மேல் சறுக்கினோமே என்று அன்று எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

அப்புறம் பள்ளிக்கூடத்தில் அந்தப் பாறையைப் பற்றி நான் பேசாத நாளில்லை. வழியில் கிடக்கிற கல்லையெல்லாம் பாவாடையில் கட்டிக்கொண்டுவந்து அக்காவிடம் பெயர் கேட்பேன். தெரிந்தால் சொல்வாள், தெரியாவிட்டால், "நாளைக்குப் பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்பாள். மறுநாள் தவறாமல் சொல்வாள். கல்லூரி என்றால் கேட்டதற்கெல்லாம் பதில் கிடைக்கிற இடம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மார்கழி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அப்பா செய்தித்தாளைக் கையில் பிடித்தபடி வீட்டுக்குள் வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் லால்பாக் பாறையின் மேலேயே ஒரு பேச்சு ஏற்பாடாகியிருந்தது. யார் வேண்டுமானாலும் வரலாம். பேசப்போகிறவர் அக்காவின் கல்லூரியில் ஜியாலஜி சொல்லிக்கொடுப்பவர்.

"உங்க சார்தானே இவரு?" என்றார் அப்பா. அவர் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சியை நான் தீபாவளிக்குக்கூடப் பார்த்ததில்லை. "போய்ப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுட்டு வரணும். நீயே அறிமுகம் பண்ணி வெச்சிடு."

அக்கா பேப்பரை வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "எனக்குத் தலை விண்விண்ணுனு தெறிக்குதுப்பா. என்னால வர முடியாது. நீங்க பாப்பாவைக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைத் தலைவலி வெள்ளிக்கிழமையே எப்படித் தெரிந்தது என்று எங்களில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அப்பா கோட்டு போட்டுக்கொண்டார். சாருக்குக் கொடுக்க எலுமிச்சம்பழம் ஒன்றைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார். நான் துவைத்த பாவாடையும் இரட்டைப் பின்னலுமாகக் கிளம்பினேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாறையில் இன்னும் பனியின் ஈரம் இருந்தது. நாற்பது ஐம்பது பேர் கூடியிருந்தார்கள். கம்பளிக் கோட்டு போட்ட பெரியவர்கள், கல்லூரிப் பையன்கள், குழந்தைகளைக் கூட்டிவந்தவர்கள். என் வகுப்பில் படிக்கிற பெண் ஒருத்தி தன் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்ததும் எனக்கு இன்னும் உற்சாகம் வந்துவிட்டது. நான் முன்வரிசைக்குப் போய் நின்றுகொண்டேன்.

சார் ஒல்லியாக, கண்ணாடி போட்டு, கையில் ஒரு சுத்தியலோடு இருந்தார். இங்கிலீஷிலும் கன்னடத்திலும் மாற்றி மாற்றிப் பேசினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அக்கா சொன்னதைத்தான் அவரும் சொல்கிறார் என்பது, அவர் கையை நசுக்குவதுபோல வைத்துக் காட்டியபோது தெரிந்துவிட்டது. அடுத்து அந்தப் பெயரைச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. குனிந்து பாறையைத் தட்டி, "திஸ் இஸ் நைஸ்" என்றார். கொஞ்சம் தள்ளிப் போய் இன்னொரு இடத்தைக் காட்டி, "இதூ நைஸே" என்றார் கன்னடத்தில். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அம்மா புடவைக்கடையில் துணியைத் தொட்டுப்பார்த்து "நைஸா இருக்குது" என்பாள். இவ்வளவு பெரிய படிப்பாளி பாறையைத் தொட்டுப்பார்த்து அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாரே என்று நினைத்தேன். பெயர் மறந்துவிட்டதோ என்று அவருக்காகக் கவலைகூடப் பட்டேன்.

பேசி முடித்து, யாராவது ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். நான் கையைத் தூக்கினேன்.

"சார், நைஸ் மட்டும் இல்ல சார். இதுக்குப் பேர் ஒண்ணு இருக்குது. க்னெய்ஸ்."

கல்லூரிப் பையன்களில் ஒருவன் "க்-னெய்ஸ்" என்று என்னைப்போலவே சொல்லிக்காட்டினான். சிரிப்பு அங்கே தொடங்கியது. கம்பளிக் கோட்டுக்காரர்கள் சிரித்தார்கள், அவர்கள் கூட்டிவந்த குழந்தைகள் ஏன் என்று தெரியாமலே சிரித்தார்கள். என் வகுப்புப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு தன் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். சாரும் சிரித்துவிட்டு, உடனே கையைக் காட்டி எல்லாரையும் அடக்கினார். குனிந்து, குழந்தையை 'மரீ' என்று கொஞ்சுகிற கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்: "நீ சொல்றது சரி மரீ. அதே கல்லுதான். எழுதறப்போ முன்னாடி ஒரு எழுத்து இருக்கும், அதைச் சொல்லக் கூடாது. சொல்றப்போ நைஸ். யாரு உனக்குச் சொல்லிக்கொடுத்தது?"

"எங்க அக்கா. உங்ககிட்டதான் படிக்கிறாங்க" என்றேன். அக்காவின் பெயரையும் சொன்னேன்.

அவர் சிரிப்பு நின்றது. என்னைத் தாண்டிப் பின்னால் நின்ற அப்பாவைப் பார்த்தார். அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை. பாறையின் சரிவில் இறங்கி ஓடி, கீழே ஒரு மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். காது மடல் கொதித்தது. அந்த ஒரு சொல்லை வாய்க்குள் திரும்ப இழுத்துக்கொள்ள முடிந்தால் அதற்காக எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன்.

அங்கிருந்து பார்த்தால் மேலே எல்லாரும் கலைந்துபோவது தெரிந்தது. அப்பாவும் சாரும் மட்டும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். சார் ஏதோ சொன்னார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சார் இன்னும் சொன்னார். அப்பா இரண்டு கையையும் கூப்பினார். எனக்காக மன்னிப்புக் கேட்கிறார் என்று புரிந்துகொண்டேன். என் அப்பா யாரிடமும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. மரப்பட்டையில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டேன்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அப்பாவின் கோட்டுப் பை என் தோளில் இடித்தது. பழம் உள்ளேயே இருந்தது.

கதவைத் திறந்த அக்கா, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். நான் அழுதுகொண்டே கொட்டித் தீர்த்தேன். "எல்லாரும் சிரிச்சாங்க. அது க்னெய்ஸ் இல்லையாம், நைஸாம். காலேஜ்ல அப்படித்தான் சொல்லுவாங்களாம். நீ ஏன் தப்பாச் சொல்லிக்கொடுத்த?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள். அப்பா குனிந்து செருப்பின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு சின்ன வாரை அவிழ்க்க அவ்வளவு நேரம் ஆனது.

"சாப்பிட்டியாம்மா?" என்று மட்டும் அக்காவிடம் கேட்டார். அம்மா என்னை முகம் கழுவக் கூட்டிக்கொண்டு போனாள்.

எனக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகு ஒருநாள் பேச்சுவாக்கில் அக்காவே சொல்லித்தான் மீதி எனக்குத் தெரியும். அவள் கல்லூரியில் சேர்ந்த புதிதில், கரும்பலகையில் எழுதியிருந்ததைப் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். காக்காப்பொன்னை அபிரகம் என்று தமிழில் படித்துவந்தவள் அவள். எம், ஐ, சி, ஏ என்று எழுதியிருந்ததைப் பார்த்து 'மிகா' என்று படித்திருக்கிறாள். மைக்கா என்று சொல்ல வேண்டுமாம். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். அன்றிலிருந்து அவள் உள்ளே நுழைந்தாலே பின்வரிசையில் யாராவது, "மிகா வந்தாச்சு" என்பார்களாம். தசராவுக்கு முன்னாலேயே வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டாள். வீட்டிலிருந்து கிளம்பி, கப்பன் பார்க்கில் உள்ள நூலகத்தில் போய் உட்கார்ந்து, அந்தப் புத்தகத்தையே முதலிலிருந்து கடைசிவரை படித்து, முடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்திருக்கிறாள். என் கற்களுக்குப் பெயர் கிடைத்ததும் அங்கேதான். பாடம் அவளுக்கு வந்துவிட்டது. அந்தச் சொற்களை எப்படிச் சொல்வது என்று கேட்க மட்டும் பக்கத்தில் ஆள் இல்லை.

அன்று மத்தியானம் அப்பா அவளிடம் கேட்டது ஒரே கேள்வி. "இத்தனை நாளா எங்கம்மா போயிட்டிருந்த?" அவள் சொன்னாள். அப்பா, "அவரு உன்னை வரச் சொல்லியிருக்காரு. நாளைக்கு நானும் கூட வரேன்" என்றாராம். வருகை போதாமல் அந்த வருஷப் பரீட்சை எழுத அவளை விடவில்லை. மறுவருஷம் எழுதித் தேறினாள். பிறகு பட்டமும் வாங்கி, பெண்கள் பள்ளியொன்றில் ஓய்வு பெறும்வரை பூகோளம் நடத்தினாள்.

எனக்கு அப்போது இது ஒன்றும் தெரியாது. திங்கட்கிழமை காலையில் நான் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று போர்வைக்குள் சுருண்டு கிடந்தேன். என் வகுப்புப் பெண் இந்நேரம் எல்லாரிடமும் சொல்லியிருப்பாள். அம்மா அதட்டிப் பார்த்தாள். கடைசியில் அக்கா வந்து போர்வையை விலக்கினாள். கல்லூரிக்குக் கிளம்பியிருந்தாள்.

"எழுந்திரு. போனா சிரிப்பாங்கதான். சிரிக்கட்டும். உன் எடத்துல போய் உட்கார்ந்துக்கோ. நாலு நாள் சிரிப்பாங்க, அப்புறம் அவங்களுக்கே அலுத்துப்போயிடும்."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன் கோபமாக. தப்புத்தப்பாகச் சொல்லிக்கொடுத்தவள்மேல் இருந்த கோபம் எனக்குத் தீரவில்லை.

அவள் தோளில் புடவைக்கு ஊக்கு குத்தப் பார்த்தாள். அது கை நழுவிக் கீழே விழுந்தது. எடுத்துக் குத்தினாள், மறுபடி விழுந்தது. வாசலில் அப்பா கோட்டு போட்டுக்கொண்டு, அவரும் ஆபீசுக்குத்தான் போகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, அவளுக்காகக் காத்து நின்றார். நான் எழுந்து அந்த ஊக்கை வாங்கி அவள் தோளில் குத்திவிட்டேன். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. அந்த வருஷம் பெங்களூரில் குளிர் அதிகம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.