தம்பி பூகோளத்தில் தோற்றது எதனால்

தம்பி காலமாகி ஒரு வருஷம் நிறைகிறது. திவசத்துக்கு வருகிறவர்கள் கையில் கொடுப்பதற்காக ஒரு மலர் அச்சடிக்கப் போவதாகச் சொல்லி, அவனுடைய மூத்த மகன் அதன் காகிதங்களை என்னிடம் கொண்டுவந்து, நீங்களும் ஏதாவது சொல்லுங்கள் என்றான். எனக்கு எழுத்து தெரியாது. பேத்திதான் வாசித்துக் காட்டினாள். பிறந்த ஊர், பொறுமை, யாரையும் கடிந்து பேசாத குணம், எல்லாம் நன்றாகவே இருந்தது. நடுவில் ஒரு வரி வந்தது: "குடும்பச் சூழ்நிலை காரணமாகக் கல்லூரிப் படிப்பைத் தொடர இயலாமற் போயிற்று." கெட்டுப்போன மோரை வாயில் வைத்ததுபோல் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

"நிறுத்துட்டி. யாரு எழுதுனது இத?"

"பெரியவங்க எல்லாரும் சேந்துதான் ஆச்சி எழுதியிருக்காங்க. மரியாதையா இருக்கட்டும்னு."

"மரியாதையா? நான் சொல்லுதேன், நீ எழுது. என் பேச்சத் திருத்தி எழுதிக்கோ. ஆனா சங்கதியத் திருத்தாத."

இப்படித்தான் இந்தக் கட்டுரை வந்தது. என்னையும் ஒரு ஆளாக மதித்துக் கேட்டதில் எனக்கு மெத்த சந்தோஷம். மற்றவர்கள் தம்பிக்கு 'அவர்கள்' போட்டு எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது வராது. அவன் எனக்கு ஐந்து வயது இளையவன்.

நாங்கள் பிறந்தது பத்தமடைக்குப் பக்கத்தில், கன்னடியன் கால்வாய்க் கரையில். கார், பிசானம் என்று இரண்டு போகமும் விளையும் வயல் எங்களுக்கு இருந்தது. தம்பிக்கு எட்டு வயதாகும்போது அப்பா காலமாகிவிட்டார். அதன்பிறகு வயலையும் தம்பியையும் தாய்மாமா பார்த்துக்கொண்டார். வயலைப் பார்த்துக்கொண்டார் என்றால், வரப்பில் குடை பிடித்து நின்று பார்த்தார் என்று அர்த்தம். நான் கல்யாணமாகித் திருநெல்வேலிக்கு வந்துவிட்டேன். ஜெர்மன் சண்டை வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால் தம்பி காலேஜில் சேர்ந்தான். சாப்பாடும் படுக்கையும் எங்கள் வீட்டில். மாமா அவனிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லி அனுப்பினார்.

"ஏலே, ஒரு வருசம் தோத்தாலும் படிப்பு அன்னைக்கோட முடிஞ்சிது. ஊருக்கு வந்து வயலப் பாக்கணும். பெரிய பள்ளிக்கூடத்து வாத்தியாராவணும்னா தோக்காம படி."

தம்பிக்குப் பெரிய பள்ளிக்கூட வாத்தியார் ஆவதைத் தவிர வேறு ஆசை கிடையாது. ஆகையால் அந்த வருஷத்துப் பரீட்சை அவனுக்கு உயிர்.

மற்றப் பாடங்களை அவன் தனக்குள் படித்தான். பூகோளத்தை மட்டும் எனக்குக் கேட்கும்படி படித்தான். இங்கிலீஷில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. உலகத்தையே கூறு கூறாகப் பிரித்து வைத்திருந்தது அந்தப் புத்தகம். பனி மூடிய நாடு ஒரு கூறு, மணல் நாடு ஒரு கூறு, புல்வெளி ஒரு கூறு, மழை ஓயாத காடு ஒரு கூறு. ஒவ்வொன்றுக்கும் முதலில் மலை, பிறகு ஆறு, மழை, விளைச்சல், கடைசியில் மனுஷர்கள். மனுஷர்களுக்கு இரண்டு வரிதான். எனக்கு அதைக் கேட்கக் கேட்க ஆசையாக இருக்கும். நெல்லையப்பர் கோவிலுக்கும் குறுக்குத்துறைக்கும் மேல் நான் எங்கே போனேன்.

இலையில் உட்கார்ந்தாலும் அவனுக்குப் பூகோளம்தான். சோற்றை மலையாகக் குவித்து, தேங்காய்ப்பால் சொதியை உச்சியில் விட்டு, அது எப்படி இறங்கிப் பிரிந்து இலை ஓரத்தில் வண்டல் போடுகிறது என்று காட்டுவான்.

"சோத்துல என்னலே வெளையாட்டு?"

"வெளையாட்டு இல்லக்கா. இதான் ஆறு கடல்ல சேருத எடம். அந்தத் தேங்காச் சில்ல எடுத்துராத, அது தீவு."

வினை வந்தது பனி நாட்டில்தான். அங்கே உள்ளவர்கள் கடல்நாயைக் கொன்று அதன் கொழுப்பைப் பச்சையாகத் தின்கிறார்கள் என்று, நான் அவியல் வைக்கும்போது வாசித்தான். எனக்கு அடிவயிற்றிலிருந்து ஓங்கரித்துக்கொண்டு வந்தது. அடுத்த நாள் புல்வெளி. அங்கே குதிரைப் பாலைப் புளிக்க வைத்துக் குடிக்கிறார்களாம். அதற்கடுத்த நாள் வெட்டுக்கிளி வறுவல். நாங்கள் சைவக் குடும்பம். மீன் என்ற சொல்லைக்கூட அடுக்களையில் சொல்லமாட்டோம். "அந்தச் சவத்தத் தூக்கி வெளிய போடு" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து பூகோளப் புத்தகம் தொழுவத்துச் சுவரில் மாடப்பிறையில் குடியிருந்தது. அதைத் தொட்டுப் படித்தால், தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்ட பிறகுதான் இலை போடுவேன். மார்கழிக் குளிரிலும் அதுதான் சட்டம். இழவு வீட்டுக்குப் போய்வந்தவன்போல் என் தம்பி பூகோளம் படித்துவிட்டுக் குளித்தான். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

புத்தகம் அவனுக்கு மட்டும் சொந்தமில்லை. அவனோடு படித்த, கடற்கரை ஊரான உவரிக்காரர் ஒருவரும் அவனும் சேர்ந்து வாங்கியது. அவர் வேதக்காரர், கிறிஸ்தவர். அவருடைய அப்பா கொழும்புக்குத் தோணி ஓட்டுகிறவர். சனி, ஞாயிறு அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, தொழுவத்துக்கு முன்னால் ஒரு பத்தமடைப் பாயை விரித்துத் தம்பியோடு உட்கார்ந்து படிப்பார். தாகம் என்றால் நான் எட்ட நின்று அவர் கையில் தண்ணீரை ஊற்றுவேன். ஊற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அன்றைக்கு இதெல்லாம் சுத்தம் என்று நினைத்தேன். இப்போது சொல்ல அருவருப்பாக இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு நாள் அவர் காதில் விழும்படியே, "வீடு பூரா மீன் வாட அடிக்கி" என்றேன்.

"நான் குளிச்சிட்டுதான் வந்தேன்க்கா. புத்தகம்தான் குளிக்கல" என்றார் அவர். தம்பி வாய்விட்டுச் சிரித்தான். எனக்குக் கோபம்.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு சாயங்காலம் இருவரும் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே உளுந்து புடைத்துக்கொண்டிருந்தேன். தம்பி வழக்கம்போல் எனக்காகத் தமிழில் சொன்னான். அந்த இரண்டு வரியும் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். அவற்றைத் தனியாக எழுதும்படி பேத்தியிடம் சொல்லியிருக்கிறேன்.

"இப்பிரதேசத்து மக்கள் வெயிலினால் மந்தமடைந்தவர்கள், உடல் வளைந்து வேலை செய்யாதவர்கள்.
கிடைத்ததைத் தின்று, அழுக்கிலேயே திருப்தியாக வாழ்பவர்கள்."

நான் முறத்தைத் தட்டிக்கொண்டே, "உள்ளதத்தான எழுதியிருக்கான். கடக்கரைக்காரங்களப் பாத்தாலே தெரியுதே" என்றேன்.

வாசல் வழியாக இருவரும் தெரிந்தார்கள். உவரிக்காரர் குனிந்து பாயில் ஒரு கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம்பி சொன்னான்.

"இது கடக்கரை இல்லக்கா. ஆத்தங்கரை. உஷ்ண நாட்டு ஆத்துவெளின்னு போட்டிருக்கு. நெல்லு வெளையுத ஊரு. நம்மளத்தான் எழுதியிருக்கான்."

"நம்மளயா?"

"உன்னத்தான்."

முறத்தைக் கீழே வைத்துவிட்டு நான் வாசல்வரை வந்துவிட்டேன். "நானா அழுக்கு? ரெண்டு நேரம் குளிக்கேன். அடுப்ப மூணு நேரம் மொழுகுதேன். எந்த மூதி வந்து பாத்தான் என் வீட்ட?"

"நாங்களும் ரெண்டு நேரம் கடல்லதான் கெடக்கோம்க்கா" என்றார் உவரிக்காரர். பைய, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கடல்நாய் தின்கிறவனை நான் சீ என்றேன். குதிரைப் பால் குடிக்கிறவனைச் சீ என்றேன். கண்ணெதிரே உட்கார்ந்திருந்தவரை நாள்தோறும் சீ என்றேன். அதே புத்தகத்தில் எவனோ ஒருவன், என்னைப் பார்க்காமலே, என்னைச் சீ என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறான். எங்களுக்குக் கொடுத்ததும் அதே இரண்டு வரிதான். எனக்கு முதலில் அவன்மேல் குமட்டியது. அப்புறம்தான் என்மேல்.

தம்பி நிலைமையைச் சமாளிக்க, "மாமாவ மட்டும் பாத்துட்டு எழுதியிருப்பான், விடுக்கா" என்றான். உவரிக்காரர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ஆனால் தம்பி சிரிக்கவில்லை.

மறுநாள் வகுப்பில் அவன் எழுந்து, இது எங்கள் ஊரைப்பற்றிச் சரியில்லை என்று சொல்லியிருக்கிறான். வாத்தியாரும் நம் பக்கத்து மனுஷர்தான். "சரியில்லன்னு எனக்கும் தெரியும். பரீட்சைத் தாள்ல புத்தகத்துல உள்ளத எழுது. ஒன் அபிப்பிராயத்த வீட்டுல வச்சுக்கோ" என்றாராம். உவரிக்காரர் வந்து சொல்லித்தான் இது எனக்குத் தெரிந்தது. தம்பி சொல்லவில்லை.

நான் அவனிடம் கெஞ்சினேன். "ஏலே, ரெண்டு வரிதான. கண்ண மூடிக்கிட்டு எழுதிரு. எவன் வந்து பாக்கப் போறான்? மாமா சொன்னது நெனப்பு இருக்குல்லா?"

"நடவு நடுதவங்க முதுகு ஒனக்குத் தெரியுமாக்கா?" என்று கேட்டான். "காலையில குனிஞ்சா வெயில் சாய நிமுருதாங்க. பத்தமடையில பாய் முடையுதவங்க வெரலப் பாத்திருக்கியா? அவங்க ஒடம்பு வளையாதுன்னு என் கையால எழுதணுமா?"

"எழுதலன்னா வாத்தியார் வேல போயிருமே லே."

அவன் புத்தகத்தைப் பிறையில் வைத்தான். வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனான்.

பரீட்சையில் அந்தக் கேள்வியே வந்தது. உஷ்ண நாட்டு ஆற்றுவெளி ஒன்றையும், அதன் மக்கள்மேல் சீதோஷ்ணம் செய்யும் வேலையையும் விவரிக்கவும். தம்பி தாமிரபரணியை எழுதினான். மலையிலிருந்து இறங்குவதையும், அணைக்கட்டையும், கால்வாயையும், இரண்டு போகத்தையும் எழுதி, மனுஷர்களுக்கு வந்ததும் இரண்டு வரியோடு அவனால் நிறுத்த முடியவில்லை. நடவுப் பெண்களை எழுதினான். பாய் முடைகிறவர்களை எழுதினான். விடிகிறதற்கு முன்னால் கட்டுமரம் தள்ளுகிற உவரிக்காரர்களையும் எழுதினான். மற்றக் கேள்விகளுக்கு நேரம் போதவில்லை. அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்தவன் நான் சொல்லாமலே தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டான்.

பூகோளத்தில் மட்டும் தோற்றான். உவரிக்காரர் தேறினார். மாமா திருநெல்வேலிக்கே வந்துவிட்டார்.

"ஒடம்பு வளையாத பய. சோத்தத் தின்னுக்கிட்டுத் தூங்கியிருக்கான்" என்றார். எங்கள் வீட்டு உளுந்தஞ்சோற்றை இரண்டாம் முறை வாங்கிக்கொண்டே சொன்னார்.

நான் வாயைத் திறந்தேன். தம்பி கண்ணால் வேண்டாம் என்றான். மாமா அவனுக்குப் பெண் கொடுப்பதாக இருந்தார். அதையும் கொடுக்கவில்லை. அது ஒன்றுதான் அந்த வருஷத்தில் நடந்த நல்லது. பின்னால் வந்த என் தம்பி மனைவியைப்போல் ஒரு பிள்ளை எங்கள் வம்சத்திலேயே கிடையாது.

சோம்பேறிகள் என்று எழுத மறுத்ததற்காகத் தோற்றவனைச் சோம்பேறி என்றே சொந்தக்காரர்கள் நாற்பது வருஷம் சொன்னார்கள். கல்யாண வீட்டில் சொன்னார்கள், இழவு வீட்டில் சொன்னார்கள். இப்போது செத்தவனுக்கு மரியாதை என்று அதையே 'குடும்பச் சூழ்நிலை' ஆக்கியிருக்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே நாற்றம்தான்.

தம்பி ஊருக்குத் திரும்பி, மூன்றாம் வகுப்போடு முடிகிற சின்னப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தான். தேறாததனால் அதற்கு மேலே ஏற வழியில்லை. கடைசிவரை அங்கேதான். குறை சொல்லி நான் கேட்டதில்லை.

போன வருஷம் நெஞ்சு வலி வந்து படுத்தபோது நான் ஒரு மாதம் அவனோடு இருந்தேன். ஒரு நாள் காலையில், கஞ்சி கொடுத்துக்கொண்டே, அத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்ததைக் கேட்டேன்.

"அந்த ரெண்டு வரிய எழுதியிருந்தா பெரிய பள்ளிக்கூடத்துல இருந்திருப்பல்லா. ஒனக்கு வருத்தமே இல்லையாலே?"

அவன் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"எழுதுனேன்க்கா" என்றான்.

"என்னது?"

"மொதல்ல எழுதிட்டேன். ரெண்டு வரியும், ஒரு எழுத்து விடாம. நீ கெஞ்சுனதும் மாமா மொகமும் நெனப்பு வந்துது. எழுதிட்டு வாசிச்சுப் பாத்தேன். என் கையெழுத்து எப்பவும் அழகா இருக்கும்லா. அன்னைக்கும் அழகா இருந்துது. அதான் தாங்கல. கோடு போட்டு அடிச்சிட்டேன். மார்க்கு போனது போவட்டும். எழுதுனேன் பாரு, அதான் இன்னமும் குமட்டுது."

கஞ்சியை மேலே குடிக்கவில்லை. பத்து நாளில் போய்விட்டான்.

அந்த ஒரு மாதமும் இரவு பகல் பாராமல் வந்து பார்த்த வைத்தியருக்கும், தூக்கி உட்கார்த்தி வைத்த அண்டை வீட்டாருக்கும், பள்ளிக்கூடத்தை ஒரு நாள் மூடிவிட்டு வந்து நின்ற வாத்தியார்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். உவரிக்காரருக்குத் தனியாகச் சொல்லவேண்டும். அவர் பெரிய பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியாராகவே இருந்து ஓய்வு பெற்றவர். காரியத்தன்று வாசலுக்கு வெளியே நின்றவரை நான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து பந்தியில் உட்கார வைத்தேன். இரண்டு பேர் இலையை விட்டு எழுந்து போனார்கள். போனவர்களுக்கும் இந்த மலர் வரும். வாசித்துக்கொள்ளட்டும்.

எல்லாரிடமும் நான் கேட்பது ஒன்றுதான். தம்பி தாளில் அடித்த அந்த இரண்டு வரியும் என்னால் இந்த மலரில் அச்சாகிறது. இல்லாவிட்டால் சங்கதி உங்களுக்கு விளங்காது. மலர் உங்கள் கைக்கு வந்ததும் ஒரு பேனாவை எடுத்து, அவற்றை நன்றாக அழுத்திக் கோடு போட்டு அடித்துவிடுங்கள். என் பிரதியில் அடித்தாகிவிட்டது. எழுத்து தெரியாத கை, கோடு கொஞ்சம் கோணல். எந்த இடம் என்று பேத்தி விரல் வைத்துக் காட்டினாள்.