பிரிக்காத மடிப்பு

தகரப் பெட்டியின் அடியில் ஒரு கிளிப்பச்சைச் சீட்டிப் பாவாடை கிடக்கிறது. பச்சை என்று நான்தான் சொல்கிறேன். துவைத்தும் வெயிலில் காய்ந்தும் வெளுத்துப்போன அதை இப்போது பார்க்கிறவர்கள் சாம்பல் நிறம் என்றுதான் சொல்வார்கள். கீழ் விளிம்புக்குக் கொஞ்சம் மேலே மட்டும் நாலு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை, கடையில் எடுத்த அன்றைக்கு இருந்த பச்சை இன்னும் கொஞ்சம் மிச்சம் நிற்கிறது. அந்தப் பட்டைக்கு மேலே ஒரு மடிப்பு. நான் கையால் தைத்த மடிப்பு. அதை இன்னும் பிரிக்கவில்லை.

பெண்பிள்ளைக்குப் பாவாடை தைத்தால் எங்கள் பக்கம் ஆளுக்குச் சரியாக வெட்ட மாட்டோம். நீளமாக வெட்டி, கீழே இரண்டு மடிப்பு பிடித்துத் தைத்துவிடுவோம். பிள்ளை வளர வளர ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்து இறக்கிவிட்டால் மூன்று தீபாவளிக்குத் தாங்கும். பிரித்த இடத்தில் வெயில் படாத துணி வெளியே வந்து பட்டையாகத் தெரியும். எந்தப் பிள்ளை எம்புட்டு வளர்ந்திருக்கிறது என்று பாவாடையைப் பார்த்தே சொல்லிவிடலாம். என் தங்கச்சியோடு ஒட்டிப் பிறந்த மாதிரி திரிந்த பிள்ளைகள் எல்லாருக்கும் அந்தப் பட்டை வந்துவிட்டது. இவளுக்கு வரவில்லை. அடுத்த தீபாவளியும் போனது. அப்போதும் வரவில்லை.

சோழவந்தான் பக்கம் எங்கள் ஊர். சுற்றிலும் வெற்றிலைக் கொடிக்கால். அதில் எங்களுக்கென்று ஒரு கொடி கிடையாது. அப்பாவும் அம்மாவும் கூலிக்குப் போவார்கள். தங்கச்சி இரண்டாவது படிக்கும்போது ஓயாமல் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். வயிறு நிறையத் தின்றும் இளைத்தாள். வெக்கைக்குத் தாகம் எடுக்கிறது என்று அம்மா சொன்னாள். ஒருநாள் காலையில் எழுப்ப எழுப்ப எழுந்திருக்கவில்லை. பஸ்ஸில் தூக்கிப் போட்டுக்கொண்டு மதுரை ஆரப்பாளையத்தில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிழைக்க வைத்துக் கொடுத்தார்கள். கிழவர்களுக்கு வருகிற சீனி வியாதி இந்தப் பிஞ்சுக்கும் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆயுசுக்கும் இன்சுலின் ஊசி போட வேண்டும், இனிப்பு ஆகாது, சாப்பாட்டில் கவனம் வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். கவனம் என்ற ஒரு சொல்லை அம்மா எப்படி எடுத்துக்கொண்டாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் எட்டாவதோடு நின்றேன். ஊசியைக் கொதிக்க வைக்கவும் தங்கச்சியைப் பார்த்துக்கொள்ளவும் வீட்டில் ஆள் வேண்டுமே. எனக்கு இயல்பிலேயே பயம் ஜாஸ்தி. மருந்துக் குப்பியை ஈரமணல் நிரப்பிய சட்டிக்குள் பதித்து வைத்திருப்போம். மணல் காய்ந்துவிட்டதோ, பூனை உருட்டிவிட்டதோ என்று நடுவேலையில் எழுந்துபோய்ப் பார்ப்பேன். விடிந்ததும் முதல் காரியம் மூத்திரச் சோதனை. கண்ணாடிக் குழாயில் ஆஸ்பத்திரி கொடுத்த நீல மருந்தை ஊற்றி, சொட்டுச் சொட்டாகத் தங்கச்சியின் மூத்திரத்தை விட்டு, கொதிக்கிற தண்ணீரில் நிறுத்துவோம். சீனி இல்லையென்றால் நீலம் நீலமாகவே இருக்கும். இருந்தால் பச்சை, மஞ்சள், ரொம்ப மோசமென்றால் செங்கல் நிறம். குழாயைச் சுற்றி நாங்கள் குந்தியிருப்போம். நீலம் மாறாமல் நின்றுவிட்டால் அம்மா அதைக் கன்னத்தில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். வேலைக்குப் போகிற வழியெல்லாம், "இன்னைக்கும் எம்பிள்ளைக்கு நீலந்தான்" என்று சொல்லிக்கொண்டே போவாள்.

அந்த நீலத்துக்காகச் சோறு குறைந்தது. முதலில் இரவுச் சோறு போனது. பிறகு காலைக் கஞ்சியில் பருக்கை போய்த் தெளிவு மட்டும் நின்றது. பள்ளிக்கூடத்தில் சத்துணவு வந்த புதிது. சுடச்சுடச் சோறு போடுகிறார்கள் என்று ஊரே தட்டோடு ஓடியது. அம்மா மட்டும் அங்கே போய், "எம்பிள்ளைக்குப் போட்டுறாதீங்க, அவளுக்கு அது வெசம்" என்று சத்துணவு ஆயாவிடம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தாள். தங்கச்சி தட்டில்லாமல் வரிசையில் உட்கார்ந்து மற்றவர்கள் தின்பதைப் பார்த்துவிட்டு வருவாள். வந்து என்னிடம் ஒப்பிப்பாள்.

"யக்கா, இன்னைக்குச் சாம்பார்ல காரட்டு கெடந்துச்சு. எனக்குப் பக்கத்துல இருந்தவ அதை ஒதுக்கி வச்சுட்டா, கிறுக்கச்சி."

அழ மாட்டாள். வாய் மட்டும் ஓயாது. ஒருநாள் குழாயைப் பார்த்துக்கொண்டே, "எம்மா, நீலம் வந்துச்சுன்னா ஒரு கொழுக்கட்டை தருவியா?" என்றாள்.

"நீலம் வந்தா, நாளைக்கும் நீலம் வரணும்த்தா" என்றாள் அம்மா.

தங்கச்சி என் பக்கம் திரும்பி, "இந்தக் குழாய்க்கு மட்டும் வாய் இருந்துச்சுன்னா, எனக்கு முன்னாடி அது கேட்டிருக்கும்" என்றாள். அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குத்தான் வரவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்தால் என் விரல்கள் சுற்றிவந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறின. அவளுக்கு இளைய பிள்ளைகள் எல்லாம் அவளைத் தாண்டிப் போய், "ஏ குள்ளக்கத்திரி, எங்க வகுப்புலயே வந்து உக்காந்துக்கிறியா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். பாவாடை துவைக்கும்போதெல்லாம் மடிப்பைத் தடவிப் பார்ப்பேன். இரண்டும் அப்படியே இருக்கும். அம்மாவிடம் சொன்னால், "உயிரோட இருக்காள்ல, வளத்தி எங்க போகுது, மெதுவா வரும்" என்பாள்.

மருந்து வாங்கப் போன ஒரு தடவை டாக்டரம்மா தங்கச்சியைச் சுவரோரம் நிறுத்தி உயரம் பார்த்தார். பழைய சீட்டைப் பார்த்தார். மறுபடியும் நிறுத்திப் பார்த்தார். "பிள்ளை என்ன சாப்பிடுது?" என்று கேட்டார். அம்மாவுக்கு அந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி முகம் மலர்ந்தது.

"ஒரு வாய் கூடக் குடுக்க மாட்டேன் டாக்டரம்மா. சோத்தக் கண்ணுல காட்டுறதில்ல. நெதமும் நீலந்தான்."

டாக்டரம்மா சீட்டைக் கீழே வைத்தார். திட்டவில்லை. "நீலம் வரட்டும்னு பிள்ளையைப் பட்டினி போட்டிருக்கீங்கம்மா" என்று மெதுவாகத்தான் சொன்னார். மற்ற பிள்ளைகளைப் போல இதுவும் தின்ன வேண்டும், தின்றால்தான் எலும்பு நீளும், தின்கிறதுக்குத் தக்கன மருந்தை நான் கூட்டித் தருகிறேன் என்று விளக்கினார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். வெளியே வரும்போது நர்ஸம்மா ஒருவர் அம்மா கையைப் பிடித்து, "இனிமே வெறும் வயித்துல மட்டும் ஊசி போட்டுறாதீங்க, மயக்கம் வந்துரும்" என்று சொல்லி அனுப்பினார். நல்லதுக்குத்தான் சொன்னார். பஸ் முழுக்க அம்மா அந்தச் சொல்லை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

அன்றிலிருந்து வீடு மாறிப்போனது. தங்கச்சி தட்டோடு பள்ளிக்கூடம் போனாள். கேழ்வரகுக் களி, பாசிப்பயறு, முருங்கைக்கீரை, கிடைத்தால் ஒரு முட்டை. குழாயில் சில நாள் பச்சை வந்தது. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சோற்றைப் போட்டாள். அடுத்த தையில் எனக்கு அவனியாபுரத்தில் கல்யாணம் முடிவானது. கல்யாணத்துக்கு முந்தின வாரம் தங்கச்சி பாவாடையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். கணுக்கால் தெரிந்தது. நான் அவளை அசைய விடாமல் அப்படியே நிறுத்திவைத்து, பிளேடால் கீழ் மடிப்பைப் பிரித்தேன். உள்ளேயிருந்த பச்சை இறங்கி விழுந்தது. கல்யாணத்தில் சித்தி ஒருத்தி, "புதுசு எடுக்கக் கூடாதா, இப்படிப் பட்டை தெரியுதே" என்று குத்திக்காட்டினாள். "தெரியட்டும், நல்லாத் தெரியட்டும்" என்றாள் அம்மா. அன்றைக்கு அவள் நடந்த நடையை நான் மறக்கவில்லை.

தாலி கட்டிக்கொண்டு அவனியாபுரம் வந்தபிறகும் எனக்கு விடிந்தால் குழாய் ஞாபகம்தான். ஐப்பசி அடைமழையில் தங்கச்சிக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது. குமட்டிக் குமட்டி எடுத்திருக்கிறாள். ஒரு பருக்கை உள்ளே தங்கவில்லை. அம்மா ஊசியைக் கொதிக்க வைத்து, மருந்தை ஏற்றி, கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். வெறும் வயிற்றில் குத்தினால் மயக்கம் வந்துவிடும். பிள்ளை ஒரு வாய் குடித்ததும் போட்டுவிடலாம் என்று காத்திருந்திருக்கிறாள். அன்றைக்குக் குழாயில் செங்கல் நிறம். மறுநாளும் செங்கல் நிறம். காய்ச்சலில் சாப்பிடாவிட்டாலும் ஊசியை நிறுத்தக் கூடாது, உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்பது அம்மாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆள் வந்து சொல்லி நான் போய்ச் சேர்ந்தபோது தங்கச்சியைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள்.

"ஒண்ணுமே தின்னலடி. எப்படிடி குத்துவேன்?" அம்மா என்னிடம் அது ஒன்றைத்தான் கேட்டாள். சாகிறவரைக்கும் அதையேதான் கேட்டாள்.

இப்போது என் வீட்டுக்கு எதிர்வீட்டுப் பையனுக்கும் அதே வியாதிதான். பேனா மாதிரி ஒன்றை வைத்து அவனே வயிற்றில் குத்திக்கொள்கிறான். குழாய் கிடையாது, விரலில் ஒரு சொட்டு ரத்தம் போதும். இட்லி தின்கிறான், பந்தாடுகிறான், அப்பனைவிட ஒரு சாண் உசரம். அவனுக்கு லேசாகத் தும்மல் கேட்டால் போதும், நான் செருப்பை மாட்டிவிடுவேன்.

"காய்ச்சலா? திங்கலேன்னு ஊசிய நிறுத்திறாதத்தா. டாக்டர்ட்ட கேட்டுக்க."

"தெரியும் யக்கா. அம்புட்டையும் சொல்லிக் குடுத்திருக்காக. இன்னும் எத்தனை தடவை சொல்லுவீக?" என்று அவன் அம்மா சிரிப்பாள். சிரிக்கட்டும். அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டுத்தான் எனக்கு வீட்டுக்குத் திரும்பக் கால் வரும்.

பூச்சி அரிக்காமல் இருக்க, மழைக்கு முன்னால் பெட்டியைத் திறந்து பாவாடையை வெயிலில் போடுவேன். வெளியே தெரிகிற பட்டையும் இப்போது மெல்ல மெல்ல வெளுக்க ஆரம்பித்துவிட்டது. மேல் மடிப்புக்குள் இருக்கிற பச்சை மட்டும் அப்படியே இருக்கும். இருக்க வேண்டும். நான் பிரித்துப் பார்த்ததில்லை.