பொதுச் சூளையைத் திறந்தவன்

2006, தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணிக்குத் திருச்சி ஜங்ஷனில் பாசஞ்சர் ஏறினேன். விருத்தாசலத்துக்கு டிக்கெட் இருபத்திரண்டு ரூபாய். தூரம் நூற்று இருபத்து நான்கு கிலோமீட்டர். இவ்வளவு பக்கத்து ஊருக்குப் போக எனக்குப் பதினோரு வருஷம் ஆகியிருக்கிறது. கோழை, வேறென்ன.

பெண்ணாடம் கேட்டில் கரும்பு டிராக்டர்கள் வரிசையாக நின்றன. எதிர் சீட்டு அம்மா, "சொந்தக்காரங்க வூட்டுக்குப் போறீங்களா?" என்றார். "ஒருத்தரப் பாக்கப் போறேங்க" என்றேன். அவர் மேலே கேட்காமல் விட்டது பெரிய உதவி.

பத்தேகாலுக்கு விருத்தாசலத்தில் இறங்கினேன். செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் போக ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய். கலியமூர்த்தி வீடு என்றதும் டிரைவர், "ஓட்டலுக்குத் தண்ணி எடுத்து ஊத்துறாரே, அவருங்களா?" என்றார். நான் அவரிடம் வேலை பார்த்த காலத்தில் கலியமூர்த்தி அண்ணன் சூளைக்குப் பொறுப்பாளர்.

இங்கே சின்னப் பட்டறைகள் பலவற்றின் சரக்கும் ஒரே பொதுச் சூளையில்தான் வேகும். நன்றாக ஆறும்வரை வாசலை அடைத்த செங்கல்லைத் தொடக்கூடாது. பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு நாள் அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். சரக்கை இறக்கிவிட்டுத் தங்கை நிச்சயதார்த்தத்துக்குப் பஸ் பிடிக்கும் அவசரத்தில் நான் செங்கல்லைப் பிரித்துவிட்டேன். குளிர்காற்று ஏறி, பீங்கான் ஃபியூஸ் கட்டை அத்தனையும் வெடித்தது. கேட்டவர்களிடம், "அண்ணன்தான் பிரிச்சாரு" என்றேன். அதன்பின் ஒரு பட்டறையும் அவரைச் சேர்க்கவில்லை.

அண்ணன் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ரொம்பவும் இளைத்திருந்தார்.

"அண்ணே, அன்னிக்குச் செங்கல்லப் பிரிச்சது நான்."

"தெரியும்."

"கோயில்ல பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். ஆண்டவர் மன்னிச்சிட்டாரு, ஆனா யாரு மேல பழி போட்டியோ அவருகிட்டப் போய் ஒத்துக்கன்னு ஃபாதர் சொன்னாரு."

"எனக்குத்தான் அப்பவே தெரியுமே. தெரியாதவங்ககிட்டச் சொல்லு" என்றவர், உள்ளே பார்த்து, "செல்வி, இங்க வாம்மா" என்று மகளைக் கூப்பிட்டார்.

இருபது வயதிருக்கும் அந்தப் பெண்ணிடம் முழுதும் சொன்னேன்.

"ஏம்பா, நீ சொல்லவே இல்லியே" என்றாள்.

"சொன்னேம்மா, உனக்கு அப்ப ஒம்போது வயசு. உங்கம்மா சாவுற வரைக்கும் நம்பல. நீயும் குடியக் கெடுத்தவன்னுதான சொல்லிக்கிட்டு இருந்த."

என்னைத் திட்டுவாள் என்று காத்து நின்றேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, "என்னை மன்னிச்சிடுப்பா" என்று அழுதாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் செய்த பாவத்துக்கு அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கும் மன்னிப்பு உண்டா என்று நான் கேட்கவில்லை. "போயிட்டு வரேண்ணே" என்றேன். "ம்" என்றார்.

மூன்று மணி ரயிலில் திரும்பினேன். பாரம் இறங்கும் என்று நினைத்துத்தான் கிளம்பியிருந்தேன். இறங்கவில்லை. அழுதவள் முகமே கண்ணில் நின்றது.

ஏழு மணிக்கு வீட்டில் என் மகள் கதவைத் திறந்தாள். அப்பாவைப் போல நல்லவர் கிடையாது என்று ஸ்கூல் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறவள். இவளும் தெரியாதவள்தான். அவளை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, எதிரே தரையில் உட்கார்ந்தேன்.