பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரியும் பழுப்பு வளையமும்

கெமிஸ்ட்ரி மண்டைக்குள் ஏறுவதற்கு முன்னால் சட்டைக்குள் ஏறிவிடும். சோதனைக்குழாயோடு மாரடித்த சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா! அறுபதுகளில் திண்டுக்கல்லில் பி.எஸ்ஸி. படித்தவன் நான். வத்தலக்குண்டுப் பக்கம் எங்களுக்குத் தக்காளித் தோட்டம். "பெயிலானா மறுநாளே மம்பட்டியத் தூக்க வந்துரு" என்று சொல்லித்தான் அப்பா அனுப்பினார். மம்பட்டி என்றாலே எனக்குக் காய்ச்சல் வரும்.

முட்டைக் கூடை

ஒரு வெள்ளிக்கிழமை லேபில் ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு. அதே சட்டையோடு ஊருக்குப் பஸ் ஏறினேன். செம்பட்டி வருவதற்குள் ஆளாளுக்கு மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். கண்டக்டர் நேராக, முட்டைக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாளிடம் போனார். "கூமுட்டையோட எறங்கு தாயி!"

அந்த அம்மாளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு முட்டையை ஜன்னல் கம்பியில் தட்டி உடைத்து, கண்டக்டர் மூக்குக்கு நேரே நீட்டினார். துளி நாற்றம் இல்லை. நான் வெளியே மலையை ரொம்பவும் ரசித்துக்கொண்டிருந்தேன். கண்டக்டர் என் பக்கம் குனிந்து ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கே கேட்கும்படி அறிவித்தார்: "முட்டையெல்லாம் நல்லாத்தேன் இருக்கு. இந்தத் தம்பிதேன் கெட்டுப்போச்சு!"

காதரின் மூக்கு

இன்னொரு நாள் லேபில் அந்த வாயுக் குழாய் கழன்றுவிட்டது. பேராசிரியர் முதற்கொண்டு எல்லோரும் வெளியே ஓடினோம். என் வகுப்புக் காதர் மட்டும் சாவகாசமாகத் திருகை மூடிவிட்டு வந்தான். அவன் அப்பாவுக்குத் தோல் பதனிடும் தொழில். கண்ணில் நீர் வடிய நின்ற எங்களைப் பார்த்துச் சிரித்தான்: "எங்கத்தா தோல் ஷாப்புக்கு ஒரு தடவ வந்து பாருங்கப்பா. இது ஜவ்வாது!"

வளையம்

கடைசி வருடப் பிராக்டிகல். கொடுத்த உப்பு நைட்ரேட் என்றால் குழாய்க்குள் ஒரு பழுப்பு வளையம் கட்டும். எக்ஸாமினர் கண்ணால் பார்த்தால்தான் மார்க்கு. குழாய் குலுங்கினால் வளையம் காலி. எனக்கு அம்சமாக விழுந்தது. தூக்கிக்கொண்டு அவர் மேஜைக்கு ஓடினேன். ஓடிய ஓட்டத்தில், போய்ச் சேரும்போது வளையத்தைக் காணோம். இரண்டாம் தடவையும் அதே கதை. மம்பட்டி கண்ணில் தெரிந்தது.

மூன்றாம் தடவை குழாயை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு, "சார், செத்த வாங்க சார், கும்புடுறேன்!" என்று அலறினேன். ஹாலே திரும்பிப் பார்த்தது. அவர் காபியைக் குடித்து முடித்து, ஆடி அசைந்து வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். நான் சிலையாக நின்றேன். மார்க்கைப் போட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "வளையம் நல்லா விழுந்திருக்கு. இனிமே நீ மூச்சு விடலாம்ப்பா."

பட்டமும் கிடைத்தது; மூன்று வருடக் கெமிஸ்ட்ரியில் எனக்கு நிஜமாகப் புரிந்தது, எக்ஸாமினரைத் தேடி நாம் ஓடக் கூடாது, அவரை நம்மிடம் வரவழைக்க வேண்டும் என்பது ஒன்றுதான்.