அஞ்சுகிராமத்தில் என்னைக் காணோம்

ஒரு அரசுத் துறையின் சைக்கிள் அணியில் எனக்கு இரண்டு வருஷ ஒப்பந்தம். அதற்குள் பெரிய ரேஸ் ஒன்றில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் நிரந்தர வேலை. இல்லையென்றால் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இந்த லட்சணத்தில்தான் முதல் வருஷம் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன்.

1. கையைக் காட்டியது

ஆடி மாதம். தூத்துக்குடியில் கிளம்பி நாகர்கோவிலில் முடிகிற ரேஸ். வழியில் அஞ்சுகிராமம், என் ஊர். சொந்த ஊர் வந்தால் ஊர்க்காரனை முன்னால் விடுவது எங்களுக்குள் வழக்கம். அவன் ஊருக்குக் கையைக் காட்டிவிட்டு சைக்கிள் கூட்டத்துக்குள் திரும்பிவிட வேண்டும்.

அக்கா தன் கடை வாசலில் மாலையோடு நின்றாள். ஊரே கத்தியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. திரும்பாமல் அட்டாக் போட்டு, எல்லோரையும் விட்டுத் தனியாகப் பறந்தேன். ஒருத்தனும் துரத்தவில்லை. ஏன் என்று காவல்கிணறு வந்து இடதுபக்கம் திரும்பியதும் தெரிந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. கூட்டம் மொத்தமும் என்னைத் தாண்டிப் போனது. முப்பத்தோராவது இடம்.

கோச் கோட்டாறுக்காரர். "ஏலே, காத்து எங்க நிக்கும்னு வெளியூர்க்காரனுக்கே தெரிஞ்சிருக்கு. ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார்."

"பின்ன?"

"அக்கா நின்னா சார்."

அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

2. காட்டாதது

அடுத்த ஆடி, அதே ரேஸ், கடைசி வாய்ப்பு. செத்தாலும் காவல்கிணறு வரை முகத்தைக் காட்டுவதில்லை என்று முடிவெடுத்தேன். காற்று இடதுபக்கம். அதனால் காற்றுக்கு மறைவாக ஒரு தடியனுக்கு வலதுபக்கம் ஒட்டிக்கொண்டேன். அக்கா கடையும் இடதுபக்கம்தான்.

"போ மக்கா, ஒங்க ஊருல்லா!" என்றான் அவன்.

"நீயே போ."

"எங்கலே எந்தம்பி?" என்று அக்கா கத்துவது காதில் விழுந்தது. தலையைத் தூக்கவில்லை.

காவல்கிணறு திருப்பத்தில் பாதிப் பேருக்குக் கால் காலி. எனக்குத் தெம்பு மிச்சமிருந்தது. அப்போதும் முன்னால் போகவில்லை, நாகர்கோவில் ஊருக்குள் நுழைந்த பிறகுதான் போனேன். மூன்றாவது இடம்.

உடனே அக்கா போன் செய்தாள். ஒரே அழுகை. "ஏலே, நீ வந்தியா இல்லியா? வீடியோ எடுத்தேன், அதுல எல்லாவனும் இருக்கான், ஒன்னய மட்டும் காணல. எங்கயாம் விழுந்துட்டியா மக்கா?"

"விழலக்கா. மூணாவது வந்துட்டேன். வேலை கெடச்சாச்சு."

அக்கா மூக்கை உறிஞ்சினாள். "அப்பம் இந்த மாலைய என்ன செய்ய?"

இப்போது அணித் தேர்வு என் பொறுப்பு. சேர வருகிறவர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது அந்த வீடியோவைத்தான். அந்தத் தடியனுக்குப் பின்னால் ஒரு முன்சக்கரம் மட்டும் தெரியும். நான் ஓட்டியதிலேயே நல்ல ரேஸ் அதுதான்.